மனை தேடும் மருமகனுக்கு

"மாமா, ஆறு லட்சம் சேந்திருக்கு. ஒரு பிளாட் போட்டுடலாம்னு இருக்கேன்" என்றான் அக்கா மகன்.

ஒரகடத்தில் ஷிப்டு வேலை அவனுக்கு. இரவு ஷிப்டு முடிந்து நேராக வந்திருந்தான், கண் சிவந்திருந்தது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் நான் வழக்கமாக உட்காரும் டீக்கடை. இரண்டு டீ சொன்னேன். மேசை மேல் வழவழப்பான ஒரு நோட்டீஸை விரித்தான். வளைவு வைத்த நுழைவாயில், வரிசையாகத் தென்னை, 'பரந்தூர் விமான நிலையம் அருகில்' என்று கொட்டை எழுத்து. மனை இருப்பதோ வந்தவாசி சாலையில். நடுவே பாலாறு கிடக்கிறது. 'அருகில்' என்ற சொல்லுக்கு நோட்டீஸ் தமிழில் அளவு கிடையாது.

பேச்சு வழக்கைக் கவனியுங்கள். நகை வாங்குகிறோம், மாடு பிடிக்கிறோம், பிளாட்டை மட்டும் 'போடுகிறோம்', சீட்டுப் போடுகிற மாதிரி. சீட்டில் ஏமாற்ற ஓர் ஆள்தான் உண்டு. மனையில் செத்துப்போனவர்கூட வந்து பங்கு கேட்பார்.

"ஏர்போர்ட் வந்தா விலை ஏறும்ல மாமா?"

ஏறலாம். ஆனால் பரந்தூரில் விமான நிலையம் என்று அரசு அறிவித்தது 2022 ஆகஸ்டில். மத்திய அரசின் கொள்கை ஒப்புதல் வந்தது 2025 ஏப்ரலில். ஏகனாபுரத்துக்காரர்கள் நிலம் தரமாட்டோம் என்று போராடத் தொடங்கியது அறிவிப்பு வந்த நாளிலிருந்து. இத்தனை வருடம் பேப்பரில் வந்த செய்தி விற்பவர் காதில் விழாமலா இருக்கும்? அவர் அதை எப்போதோ விலையில் சேர்த்துவிட்டார். இன்றைக்கு வாங்குகிறவன் மண்ணுக்குக் கொடுப்பது பாதி, செய்திக்குக் கொடுப்பது பாதி. மண் இருக்கும். செய்தி எப்போது விமானமாக இறங்கும் என்று எனக்குத் தெரியாது, நோட்டீஸ் அடித்தவருக்கும் தெரியாது.

கோயில் பக்கம் கையைக் காட்டினேன். "அந்தக் கல்வெட்டுல என்ன எழுதியிருக்கு, சொல்லு."

"குடவோலை முறை. அஞ்சு மார்க் கேள்வி."

அதோடு நிறுத்திவிடுகிறோம். முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டியவை அவை. வாரியத்துக்குக் குடத்தில் பெயர் போட வேண்டுமானால் ஒருவனுக்குக் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும், தன் சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும் என்கிறது கல்வெட்டு. வெறும் நிலம் என்று சொல்லவில்லை, வரி கட்டும் நிலம் என்கிறது. வீடு இருந்தால் மட்டும் போதாது, மனையும் தன்னுடையதாக இருக்க வேண்டும். எனக்குப் பிடித்த இடம் இதற்கு அடுத்து வருகிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடக்கூடாது. அவனுடைய உறவுக்காரர்கள் பெயரையும் போடக்கூடாது. சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மாமன் மக்கள், தாயோடு பிறந்தவன், தகப்பனோடு பிறந்தவன், உடன்பிறந்தாள் மக்கள், மருமகன் என்று கல்லில் ஒரு நீண்ட பட்டியலே இருக்கிறது.

"அப்ப நீங்க கணக்குக் காட்டலைன்னா நானும் நிக்க முடியாதா?"

"ஆமாம். தாய்மாமனும் உண்டு, உடன்பிறந்தா மகனும் உண்டு."

சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிராமத்தில் மனை வாங்குகிறவன் மனப்பாடம் செய்ய வேண்டிய பட்டியல் அது. காசு வாங்கிக்கொள்ள எதிரே உட்கார்ந்திருப்பவர் ஒருவர். அந்த மண்ணில் பாத்தியதை உள்ளவர்கள் ஒரு கல்யாணக் கூட்டம். அந்தக் கூட்டத்தை எண்ணி முடிக்காமல் விலை பேசக்கூடாது.

எண்ணுவது எப்படி? முதலில் சர்வே நம்பர், உட்பிரிவு எண்ணோடு. அதுதான் மனையின் பெயர். 'முருகன் நகர் பிளாட் நம்பர் 14' என்பது செல்லப்பெயர். சர்வே நம்பர் கையில் இருந்தால் பட்டாவையும் புலப்படத்தையும், அதாவது எஃப்எம்பியையும், வருவாய்த் துறையின் இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். பதிவுத் துறையின் தளத்தில் வில்லங்கத்தையும் பார்க்கலாம். போன் வாங்கி ரீல்ஸ் பார்க்கிற தலைமுறைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, பார்க்க வேண்டும் என்று தோன்றவைப்பதுதான் பாடு.

அங்கேயே நோட்டீஸில் இருந்த நம்பருக்கு அவனைப் போன் போடச் சொன்னேன். எடுத்தவர் இனிமையாகப் பேசினார். ஞாயிற்றுக்கிழமை வேன் உண்டு, பிரியாணி உண்டு, அன்றே புக் செய்தால் அரை கிராம் தங்கக் காசு. "சர்வே நம்பர் சொல்லுங்க சார்" என்றான். "டோக்கன் அட்வான்ஸ் போடுங்க தம்பி, எல்லா டாக்குமென்டும் கையில குடுத்துடறோம்."

நோட்டீஸை நான்காக மடித்து டீ கிளாஸுக்கு அடியில் வைத்தேன்.

சர்வே நம்பர் தருகிற ஆளும் உண்டு. அப்போது இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பட்டா என்பது வருவாய்த் துறை யார் பெயரில் கணக்கு வைத்திருக்கிறது என்பதற்கான சான்று. அதுவே உரிமை ஆகிவிடாது. 1980களை ஒட்டி நடந்த யூடிஆர் என்கிற நில உடைமைப் பதிவு மேம்பாட்டில் பெயர் மாறிப்போன, அளவு குறைந்துபோன பட்டாக்கள் நம் பக்கத்தில் ஊருக்குப் பத்து இருக்கும். உரிமை பத்திரத்தில்தான் நடந்து வருகிறது. இன்றைய விற்பனையாளர் யாரிடம் வாங்கினார், அவர் யாரிடம், அதற்கு முன் யார் என்று தாய்ப் பத்திரம் வரை பின்னோக்கிப் போக வேண்டும். முப்பது வருட வில்லங்கம் போட்டுப் பார்ப்பது வழக்கம். அதற்கும் மேலே பார்த்தால் இன்னும் நல்லது.

வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கம் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பதிவு செய்யாத உயில் அதில் வராது. வாய்ப் பேச்சாகப் பிரித்துக்கொண்ட பாகம் வராது. அசல் பத்திரத்தை யாரோ ஒருவரிடம் வைத்துக் கைமாற்று வாங்கியிருந்தால் அதுவும் வராது. ஆகவே ஜெராக்ஸைப் பார்த்து அட்வான்ஸ் கொடுக்கக்கூடாது. அசலைக் கேட்க வேண்டும். "அசல் பீரோவில் இருக்கு, சாவி பெரியவர்கிட்ட இருக்கு" என்றால் பெரியவரைப் பார்க்கும் வரை பேச்சை நிறுத்திவிட வேண்டும்.

"ரிஜிஸ்டர் ஆபீஸ்ல எல்லாம் பார்த்துத்தானே பதிவாங்க?"

எல்லோரும் நம்புவது இதைத்தான். சார்பதிவாளர் பார்ப்பது பத்திரம் முறையாக எழுதப்பட்டிருக்கிறதா, எழுதிக் கொடுப்பவர் வந்திருக்கிறாரா, முத்திரைத் தீர்வை கட்டியாயிற்றா என்பதை. விற்பவருக்கு உண்மையில் உரிமை இருக்கிறதா என்று தீர்ப்பது அவர் வேலை இல்லை. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. பதிவான பத்திரம் கையில் இருந்தும் மனை கையில் இல்லாதவர்கள் இருப்பது இதனால்தான்.

இரண்டாவது டீ வந்தது. என் கதையைச் சொல்ல வேண்டிய கட்டம்.

இருபது வருடத்துக்கு முன் மூன்று சென்ட் வாங்கினேன். விற்றவர் அண்ணன் தம்பி ஐந்து பேரில் மூத்தவர். மற்ற நான்கு பேரும் அவருக்குப் பவர் எழுதிக் கொடுத்திருந்தார்கள், பதிவு செய்த பவர்தான். கூட்டுப் பட்டா. நல்ல மனிதர், ஒரு பொய் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் சொல்லவில்லை: பவர் கொடுத்தவர்களில் கடைசித் தம்பி என் கிரயத்துக்கு இரண்டு மாதம் முன்பு இறந்துபோயிருந்தார். கொடுத்தவர் போனால் பவரும் அவரோடு போய்விடும். நாலு வருடம் கழித்து அவருடைய இரண்டு பையன்களும் வக்கீல் நோட்டீஸோடு வந்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. ஐந்தில் ஒரு பங்குக்கு மறுபடி பணம் கொடுத்தேன், வாங்கிய விலையில் இல்லை, அன்றைய விலையில். இப்போது பவர் வைத்துப் பதிவு செய்யப் போனால் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றைக் கேட்கிறார்கள். அன்றைக்கு என்னிடம் யாரும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பவரை மட்டும் வாங்கிக்கொண்டு "மனை என்னுடையது" என்று இருப்பவர்களும் உண்டு. பொது அதிகாரப் பத்திரத்தால் உரிமை கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரிலேயே சொல்லிவிட்டது. கிரயப் பத்திரம் ஒன்றுதான் கிரயம்.

அண்ணன் தம்பியையாவது எண்ணுகிறோம். அக்கா தங்கைகளை எண்ணுவதே இல்லை. "சீர் செஞ்சாச்சு, நகை போட்டாச்சு, அவங்க கேக்க மாட்டாங்க" என்பார்கள். கேட்க மாட்டார்கள் என்பது குணம், கேட்கலாம் என்பது சட்டம்; இரண்டும் வேறு. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் கொண்டுவந்தது, அன்றைக்கு முன் திருமணமானவர்களை விட்டுவிட்டு. 2005-ல் மத்தியச் சட்டம் அந்த வேற்றுமையையும் எடுத்துவிட்டது. 2005-ல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை, மகளுக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆகவே பூர்வீக நிலம் என்றால் வாரிசுச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக டிக் போட வேண்டும். பிறந்த வீட்டுப் பெண்கள் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது பதிவு செய்த விடுதலைப் பத்திரம் இருக்க வேண்டும். வாயால் விட்டுக்கொடுத்ததைப் பதிவு அலுவலகம் காதில் வாங்காது.

லேஅவுட் மனையில் இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்காதீர்கள். அங்கே இது வளைவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அதற்கு மேல் அங்கீகாரம் என்று இன்னொன்று சேரும். 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. அன்றுவரை பஞ்சாயத்துத் தலைவர் முத்திரை குத்திய வரைபடத்தை வைத்துக்கொண்டு 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று விற்றார்கள், நாமும் வாங்கினோம். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் தர ஊராட்சித் தலைவருக்கு அதிகாரமே இல்லை. அது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் வேலை, ஊர்ப் பேச்சில் டிடிசிபி. தடை வந்ததும் மகள் கல்யாணத்துக்கு விற்கலாம் என்று வைத்திருந்த மனை விற்க முடியாத மனை ஆனது. 2017-ல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைகளுக்குக் கட்டணம் கட்டி ஒழுங்குபடுத்திக்கொள்ள வழி பிறந்தது. அதற்குப் பிறகு ஏரைப் பூட்டி உழுத நிலத்தில் கல் நட்டு விற்பவரிடம் வாங்கினால் அந்த வழியும் கிடையாது.

டிடிசிபி எண் இருந்தால் வரைபடத்தைக் கேள். அதில் சாலையும் பூங்காவும் எங்கே என்று பார்த்து, அவற்றைத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்தார்களா என்று கேள். கொடுக்காத பூங்கா பத்து வருடத்தில் இன்னொரு பிளாட் ஆகிவிடும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவிலும் பதிந்திருக்க வேண்டும். வங்கி மனைக் கடன் தருமா என்று விசாரிப்பதும் நல்ல சோதனை. கடன் வேண்டாம் என்றாலும் விசாரிக்கலாம். வங்கியின் வக்கீல் எதைப் பார்த்து முகம் சுளித்தார் என்பது தெரிந்தால் போதும்.

"எங்க லைன்ல ஒருத்தர் மாசம் அஞ்சாயிரம் கட்றாரு மாமா. அறுபது மாசம் கட்டினா பிளாட்."

அறுபதாவது மாதம் வரை அவரிடம் இருப்பது ரசீது. பேர்ல்ஸ் என்று ஊருக்கு ஊர் ஏஜென்ட் வைத்திருந்த பிஏசிஎல் நிறுவனம் நிலம் தருவதாகச் சொல்லித்தான் நாடு முழுவதும் சுமார் 5.8 கோடிப் பேரிடம் வசூலித்தது. 2014-ல் செபி திருப்பிக் கொடுக்கச் சொன்ன தொகை சுமார் 49,100 கோடி ரூபாய். உச்ச நீதிமன்றம் 2016-ல் நீதிபதி லோதா தலைமையில் குழு போட்டும் மக்கள் வருடக்கணக்கில் ரசீதை லேமினேட் செய்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

காகிதம் போதும், காலால் பார்க்க வேண்டியதும் இருக்கிறது. இது ஏரி ஊர். பல்லவர் காலத்து வைரமேகத் தடாகம் இன்னும் நமக்குத் தண்ணீர் தருகிறது. சித்திரையில் காட்டும் மனையை ஐப்பசியில் போய்ப் பார்க்க வேண்டும். கலங்கல் எந்தப் பக்கம், மழைத் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று ஆடு மேய்க்கிற அம்மாவைக் கேட்டால் சொல்வாள், புரோக்கர் சொல்லமாட்டார். ஊர்ப் பெயரிலோ கொல்லைப் பெயரிலோ 'தாங்கல்' என்று வந்தால் அந்தத் தாங்கல் இப்போது எங்கே என்று கேள். தாங்கல் என்றால் சிறு ஏரி. ஏரிப் புறம்போக்கில் போட்ட வீட்டுக்குக் கரன்ட் வரும், ரேஷன் கார்டு வரும், ஒருநாள் ஜேசிபியும் வரும்.

இன்னொன்றும் இந்த மண்ணுக்கே உரியது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்தான் உத்திரமேரூர் இருந்தது. அதன் கலெக்டர் திரமென்ஹீர் ஒடுக்கப்பட்ட மக்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892-ல் அரசாணை பிறந்து அவர்களுக்கு நிலம் கொடுக்கப்பட்டது. பஞ்சமி நிலம் என்று சொல்கிறோமே, அது. வேறு சமூகத்தார் வாங்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம். அதை வாங்கியவருக்குப் பத்திரம் எத்தனை இருந்தாலும் உரிமை இல்லை. விஏஓவிடம் 'ஏ' பதிவேட்டைக் காட்டச் சொல்லி நிலத்தின் வகைப்பாட்டைப் படித்துவிட்டால் பிறர் மண்ணில் கால் வைக்காமல் தப்பிக்கலாம். இது சட்டத்துக்காக மட்டும் சொல்வதில்லை.

பணக் கணக்கைக் கடைசியில்தான் எடுத்தேன், டீக்கடைக்காரரிடம் பேனா வாங்கி, மடித்த நோட்டீஸின் பின்பக்கத்தில். பலர் இதை முதலில் போட்டு மற்றதைக் கடைசியில் பார்க்கிறார்கள்.

கையில் 6 லட்சம். அதனால் 6 லட்ச ரூபாய் மனை பார்க்கக்கூடாது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 5 லட்ச ரூபாய் மனைக்கே 45,000 போய்விடும். புரோக்கருக்கு 2 சதவீதம் என்று வை, 10,000. வக்கீல், சர்வேயர், கல் நட்டுக் கம்பி கட்டுவது எல்லாம் சேர்த்து 24,000. ஆக 5,79,000. அம்மா பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். 10 லட்சம் வரையுள்ள சொத்துக்குப் பெண்கள் பெயரில் இந்தச் சலுகை 2025 ஏப்ரல் முதல் இருக்கிறது. அந்த 5,79,000 ரூபாயை 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டுவிட்டுத் தூங்கினால் பத்து வருடத்தில் ஏறக்குறைய பதினொன்றரை லட்சம். அப்படியானால் 5 லட்ச மனை பத்து வருடத்தில் பதினொன்றரை லட்சத்துக்கு விற்றால்தான் வங்கியோடு சமம். அதுவரை முள்செடி வெட்டுவது, பக்கத்து மனைக்காரர் கல்லை ஓரடி நகர்த்தினாரா என்று பார்ப்பது எல்லாம் இலவச சேவை.

ஆகவே லாபம் விற்கிற அன்று வருவதில்லை. சரியான ஆளிடம், சரியான கையெழுத்துகளோடு, சரியான விலைக்கு வாங்கிய அன்றே அது முடிவாகிவிடுகிறது. விற்கும் அன்று தெரியவருகிறது, அவ்வளவுதான்.

அளவிலும் ஏமாறக்கூடாது. ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஒரு கிரவுண்ட் 2,400, அதாவது ஐந்தரை சென்ட். விவசாயியிடம் ஏக்கரில் வாங்கி, சென்ட்டில் பேசி, சதுர அடியில் விற்கிறவர் ஒவ்வொரு படியிலும் விலையை மாற்றுகிறார். பக்கத்து விவசாய நிலம் ஏக்கர் என்ன விலை என்று கேட்டு 43,560-ஆல் வகுத்துப் பார்த்தால் போதும். சாலைக்கும் பூங்காவுக்கும் போனது போக மீதி வித்தியாசம் தென்னைக்கும் வளைவுக்கும் பிரியாணிக்கும்.

"அப்ப என்னதான் பண்றது மாமா? எதுவும் வாங்க வேணாம்னு சொல்றீங்க."

வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. காலி மனை சோறு போடாது, வாடகை வீடு கொஞ்சமாவது போடும் என்பது என் கட்சி. வாலாஜாபாத், ஒரகடம் பக்கம் வேலைக்கு வருகிறவர்கள் உத்திரமேரூர் வரை வீடு தேடுகிறார்கள். தனி வாசல் வைத்த ஓர் அறை, ஒரு சமையல் மேடை, ஒரு குளியலறை. எழுத்தில் ஒப்பந்தம் போட்டுப் பதிந்துகொள்ளச் சொல்கிறது வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்காதே என்கிறது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்ட, சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி தருகிறார்கள், 2024 ஜூலை முதல். புதிதாகத் தொடங்குகிறவனுக்கு இதைவிட நல்ல பாடசாலை இல்லை. குடித்தனக்காரரோடு மோட்டார் கரன்ட் பில்லுக்குச் சண்டை போட்டுப் பழகியவன், பிறகு பெரிய மனைக்குப் போகும்போது யாரிடமும் ஏமாறமாட்டான்.

"அதுக்கும் மனை வேணுமே."

"உங்க வீட்டுப் பின்னாடி காலியா கிடக்கே, அது?"

யோசித்தான். உண்மையில் அது அவனுக்குத் தோன்றவே இல்லை. நோட்டீஸ் அடித்து யாரும் விற்க வராத மனை என்பதால் இருக்கலாம்.

"நத்தம் பட்டாதானே? யார் பேர்ல இருக்கு?"

"தாத்தா பேர்ல."

தாத்தா காலமாகி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. வாரிசுச் சான்று வாங்கவில்லை. அவன் அப்பா, சித்தப்பா இரண்டு பேர், அத்தை இரண்டு பேர். பெரிய அத்தை பெங்களூரில். பத்து வருடத்துக்கு முன் ஏதோ ஒரு கல்யாணத்தில் சாப்பாட்டுப் பந்தியில் வந்த மனஸ்தாபம், பேச்சு வார்த்தை கிடையாது.

டீக்குக் காசு அவன்தான் கொடுத்தான். போன ஞாயிற்றுக்கிழமை பூவும் பழமும் வாங்கிக்கொண்டு பெங்களூர் அத்தை வீட்டுக்குப் போய் வந்திருக்கிறான்.